இல்லத்திற் கற்குமிடம்

கல்லூரியின் வரலாற்றையும் சாதனைகளையும் எடுத்துரைக்கும் விழா மலரிலே வீட்டைப் பற்றி எழுதப் புகுவது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். மாணவன் கல்லூரியிலே கழிக்கும் பொழுது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு மணித்தியாலமே. எஞ்சிய பொழுதின் பெரும்பகுதி வீட்டிலே கழிகின்றது. ஆசிரியர் விளக்கியதை மாணவன் தனியே இருந்து திரும்ப நினைந்து, எழுதிப் பார்த்து, தனதாக்கிக் கொள்வதும் வீட்டிலேதான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பவன், அதனையே பலமுறை திரும்ப வாசிப்பவனிலும் நெடுநாள் அதனை மறவாதிருப்பான் என்பது உளவியலாரின் சோதனைகளால் நன்கு நிறுவப்பட்ட உண்மை. இவ்வாறு தனித்திருந்து நினைத்தற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தின் அமைப்பைப் பற்றியே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நெல்லியடியிலும் அதன் அயலூர்களாகிய கரவெட்டி, துன்னாலை, உடுப்பிட்டி முதலியவற்றிலும் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி மிகவும் வேண்டியதொன்று. நம் பிள்ளைகள் கல்லூரி விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்குச் செல்கின்றனர். பொழுது சாய்ந்த பின்னரே வீடு திரும்புகின்றனர். நாள் முழுவதும் பிறர் கூறுவதைக் கேட்டுக் களைத்து வந்த பிள்ளைக்கு வீட்டில் அமைதியாக இருக்க ஒரு மூலைதானும் இல்லையாயின், அன்று கேட்டவை யாவும் காதளவிலேயே நின்றுவிடும். மேசையின்றி, விளக்கின்றி, கட்டிலின் மேற் குனிந்திருந்து எழுதும் பிள்ளைகள் நம் ஊரில் இன்னும் உளர். அவருட் சிலர் பரீட்சையிற் பின்தங்கும்போது அறிவிற் குறைந்தவர் எனப் பெயர் பெறுகின்றனர். குறை அறிவில் உள்ளதா இடத்தில் உள்ளதா என்று ஆராய்வார் அரியர்.

முன்னோர் கண்ட அமைப்பு

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீட்டை நினைவுகூர்வோம். நடுவே வானம் பார்த்த முற்றம், அதனைச் சூழ நாற்புறமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை அடுத்து அறைகள், முன்புறத்தே திண்ணை. வந்தவரைத் திண்ணையில் இருத்திப் பேசி அனுப்புவது வழக்கம். அடுக்களை பின்புறத்தே ஒதுங்கியிருந்தது. முற்றத்தின் வழியாக வந்த ஒளி, தாழ்வாரத்தின் நிழலினூடே தணிந்து அறைகளை அடைந்தது. இவ்வமைப்பிலே விருந்தினர் பேச்சுக்கு ஓரிடமும், சமையல் ஓசைக்கு ஓரிடமும், ஏடு விரித்துப் படிப்பதற்கு ஓரிடமும் தாமாகவே பிரிந்து அமைந்தன.

இக்கால வீடுகளிலோ நடுமண்டபம் ஒன்றே யாவற்றுக்கும் இடமாயிற்று. தொலைக்காட்சி அங்கே, விருந்தினர் அங்கே, உணவு மேசை அங்கே, பிள்ளையின் புத்தகங்களும் அங்கேயே. வீடு பெரிதாயினும் படிக்க இடமில்லை என்னும் விந்தை இதனால் விளைந்தது. பழைய வீட்டை மீளக் கட்டுதல் எல்லார்க்கும் இயலாது. ஆயின் அது கைக்கொண்ட முறையை, அதாவது வெவ்வேறு தொழில்களுக்கு வெவ்வேறு இடங்களை ஒதுக்கும் முறையை, எத்துணைச் சிறிய வீட்டிலும் கைக்கொள்ளலாம்.

வீட்டிலிருந்தே அரும்பணி ஆற்றியவர்கள் நம் நாட்டில் முன்னரும் இருந்தனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) அரசாங்க அலுவலும் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவியும் வகித்தவர். அவர் பதிப்பித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் 1868 இலும், கலித்தொகை 1887 இலும் வெளிவந்தன. ஒரு நூலின் பல ஏடுகளை அருகருகே விரித்து, எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கிப் பாடங்காண்பதற்கு அகன்ற இடமும், நல்ல ஒளியும், இடையறாத அமைதியும் இன்றியமையாதன. உத்தியோகத்தில் இருப்போர்க்கு அவை கிட்டும் இடம் வீடேயாம். வீட்டின் ஒரு மூலையிலே தமிழுக்கு எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

ஒளி

கற்குமிடத்தை அமைக்கப் புகுவோர் முதலில் நோக்கவேண்டியது ஒளி. நமது குடாநாடு வட அகலாங்கு ஏறக்குறைய ஒன்பது பாகை ஐம்பது கலையில் உள்ளது. ஆதலால் ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் மாத இறுதியிலும், நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும். அவ்விரு காலங்களுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் நண்பகலிற் சூரியன் சற்று வடக்கே நிற்கும். எஞ்சிய ஏழரை மாதமும் தெற்கே நிற்கும். வடக்கே நிற்கும்போதும் அது மிக உயரத்திலேயே உள்ளது. யூன் மாத நடுவில், நண்பகலில், அதன் உயரம் ஏறக்குறைய எழுபத்தாறு பாகை. இரண்டடி நீண்ட இறவாரம் இருப்பின், அதன் நிழல் சுவரில் எட்டடி வரை இறங்கும். யன்னல் முழுவதும் நிழலுள் அடங்கிவிடும். மார்கழியிலோ சூரியன் தெற்கே ஏறக்குறைய ஐம்பத்தேழு பாகை உயரத்திற் சாய்ந்து நிற்பதால், தென்சுவரில் அதே இறவாரத்தின் நிழல் மூன்றடி அளவே இறங்கும்.

இவற்றால் அறியப்படுவது யாது? வடக்கு யன்னலின் வழியே ஆண்டின் பெரும்பகுதியிலும் வெயில் புகாது, ஒளி மட்டும் புகும். கிழக்கிலும் மேற்கிலும் உள்ள யன்னல்களுக்கு இறவாரத்தாற் பயன் சிறிது; காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால் வெயில் நேரே உள்ளே பாயும். ஆகவே, பகலிற் படிப்பதற்கு வடக்கு யன்னலின் அருகே மேசையை இடுதல் சாலச் சிறந்தது.

இனி மேசையை எத்திசை நோக்கி இடுவது? வலக்கையால் எழுதுபவர்க்கு ஒளி இடப்பக்கத்திலிருந்து வருதல் வேண்டும்; அன்றேல் எழுதும் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். கிழக்கு நோக்கி அமர்ந்தால் வடக்கு யன்னல் நமது இடப்பக்கத்தே அமையும். கிழக்கு நோக்கியிருந்து படிக்கும் பழைய வழக்கத்தோடு இது பொருந்துவதைக் காண்க. இடக்கையால் எழுதும் பிள்ளையோ மேற்கு நோக்கி அமர்தல் வேண்டும். இரு நிலையிலும் கண்ணுக்கு எதிரே இருப்பது சுவராயின் நன்று; எதிரே திறந்த யன்னல் இருப்பின் கண் கூசும். கணினியில் தொழில் செய்வோர்க்கும் இதுவே விதி. யன்னல் திரைக்குப் பின்னே இருந்தால் கண் கூசும். நமக்குப் பின்னே இருந்தால் திரையில் ஒளி பிரதிபலிக்கும். பக்கத்தே இருத்தலே தக்கது.

இரவு விளக்கைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஒரு சிறு விளக்கின் தூரம் இருமடங்காயின் அதன் ஒளி நான்கிலொன்றாகக் குறையும். கூரையில் எட்டடி உயரத்தே தொங்கும் மின்குமிழ் அறை முழுவதையும் மங்கலாக ஒளிரச் செய்யும். புத்தகத்துக்கு அது போதாது. மேசையில் இரண்டடி தூரத்தில் வைத்த சிறு விளக்கு குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளியைத் தரும். இக்காலத்து எல்.ஈ.டி. மின்குமிழ்களுள் ஒன்பது வாற்று அளவினது, பழைய அறுபது வாற்றுக் குமிழுக்கு ஏறக்குறைய நிகரான ஒளியை உமிழும். ஆயினும் அறையை முற்றாக இருளாக்கி, புத்தகத்தில் மட்டும் ஒளி விழச் செய்தல் கண்ணைக் களைப்படையச் செய்யும். மேசை விளக்கோடு அறையிலும் சிறிது ஒளி இருத்தல் வேண்டும்.

விளக்கின் அருமையை நம் தலைமுறைக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டபின், பல ஆண்டுகள் மண்ணெண்ணெயும் அரிதாயிற்று. அக்காலத்து மாணவர், ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சும் சிறிதளவு எண்ணெயும் இட்டு, உள்ளே ஒரு திரியை நிறுத்தி எரித்தனர். போத்தலின் சுவர் காற்றைத் தடுத்தது. பஞ்சு எண்ணெயைச் சிக்கனப்படுத்தியது. அவ்வொளியிற் படித்தவர்கள் இன்று மருத்துவராகவும் பொறியியலாளராகவும் ஆசிரியராகவும் பல நாடுகளில் உளர். ஒளி சிறிதாயினும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தமை அவர்க்கு உதவிற்று. 2022 இலும் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாட்களை நாம் கண்டோம். ஆதலின் மின்னேற்றி வைக்கத்தக்க விளக்கு ஒன்றை எந்த வீட்டிலும் ஆயத்தமாக வைத்திருத்தல் அறிவுடைமையாகும்.

காற்றும் வெம்மையும்

அடுத்து நோக்கத்தக்கது வெம்மை. உடல் வியர்த்து ஒழுக, மனம் ஒருமைப்படுதல் அரிது. வைகாசி முதற் புரட்டாதி வரை சோளகம் தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும். பின்னர் வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். ஓரறைக்குத் தெற்கேயும் வடக்கேயும் திறப்புக்கள் இருப்பின், வெம்மை மிகுந்த மாதங்களிற் காற்று ஒருபுறம் புகுந்து மறுபுறம் போகும். ஒரு யன்னல் மட்டுமே உள்ள அறையிற் காற்றுப் புகுந்து செல்ல வழியில்லை. அங்கே எதிர்ப்புறக் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடக்கு யன்னலினூடே சாரல் அடிக்குமாதலால், அதற்கு நல்ல இறவாரமும் சாத்தக்கூடிய கதவும் இருத்தல் அவசியம்.

கூரையின் இயல்பையும் அறிதல் வேண்டும். கிடுகுக் கூரையும் ஓட்டுக் கூரையும் வெம்மையை விரைவில் இழப்பன. கொங்கிறீற்றுத் தட்டைக் கூரையோ பகல் முழுவதும் உட்கொண்ட வெப்பத்தை இரவில் நெடுநேரம் உமிழ்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் மேன்மாடியில் உள்ள அறை காலைப் படிப்புக்கு ஏற்றது. மாலைப் படிப்புக்குக் கீழ்த்தள அறையே ஏற்றது. தகரக் கூரையாயின் அதன்கீழ் ஒரு தட்டி அமைத்து, இடையே காற்றுப் போக வழி விடுதல் பெரும்பயன் தரும். கூரையின் மேற்புறத்துக்கு வெண்ணிறம் பூசுதலும் வெம்மையைக் குறைக்கும். அறையின் மேற்கே ஒரு வேம்பு நிற்குமாயின் அதனை வெட்டாது பேணுதல் நன்று. மாலை வெயிலைத் தடுக்க அதனினும் மலிவான சாதனம் இல்லை.

ஓசை

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் அமைந்த நெல்லியடிச் சந்தியின் ஆரவாரத்தை யாவரும் அறிவர். பேருந்தின் ஊதொலி, சந்தையின் இரைச்சல், கோயில் திருவிழாக்காலத்து ஒலிபெருக்கி என ஓசைகள் பல. ஆயின் எல்லா ஓசையும் படிப்பை ஒரே அளவிற் கெடுப்பதில்லை. பனையோலையின் சலசலப்பு, மழையின் இரைச்சல், மின்விசிறியின் ஒலி முதலிய ஒருசீரான ஓசைகளுக்கு மனம் விரைவிற் பழகிவிடும். பொருள் விளங்கும் மனிதப் பேச்சே வாசிப்பைப் பெரிதும் குலைக்கின்றது. நாம் கேளாதிருக்க விரும்பினும், மனம் சொற்களைத் தானே பற்றிக்கொள்கின்றது. வாசிக்கும் சொல்லும் கேட்கும் சொல்லும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எனவே, வீதியிலே செல்லும் பேருந்திலும், அடுத்த அறையிலே ஓடும் தொலைக்காட்சி நாடகம் பெரிய இடையூறு. முன்னதை நாம் நிறுத்த முடியாது. பின்னதை நிறுத்துதல் நமது கையிலே உள்ளது.

வேலியைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்றும் நம்மவரிடையே உண்டு. கிடுகு வேலியும் செடிகொடிகளும் ஓசையைத் தடுக்கும் எனப் பலர் கருதுவர். அவை பார்வையை மறைக்குமேயன்றி, ஓசையைப் பெரிதும் தடுப்பதில்லை. கனத்த மதிலே ஓசையைத் தடுக்கும்; அதனினும் சிறந்தது, வீட்டின் வீதிப்புறத்தை விட்டுப் பின்புறத்தே கற்குமிடத்தை அமைத்தல். சீமெந்து நிலமும் வெறுஞ் சுவர்களும் உள்ள அறையிலே சிறு ஒலியும் எதிரொலிக்கும். நிலத்திலே ஒரு பாய், யன்னலிலே ஒரு தடித்த திரை, சுவரோரத்தே நிறைந்த புத்தகத் தட்டு என்பன எதிரொலியை அடக்குவன.

மேசையும் கதிரையும்

மேசையும் கதிரையும் விலையுயர்ந்தனவாக இருக்க வேண்டியதில்லை; அளவிற் பொருந்தினாற் போதும். நிமிர்ந்து இருந்து, மேற்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மடித்தால், அம்முழங்கை எவ்வுயரத்தில் நிற்கின்றதோ அவ்வுயரமே மேசைக்குரியது. பாதங்கள் நிலத்திற் படிதல் வேண்டும். வளர்ந்தோர்க்கான மேசை சிறுபிள்ளைக்கு உயரமாயின், கதிரையில் ஒரு பலகையும் காலடியில் ஒரு பெட்டியும் இட்டுச் சரிசெய்யலாம். கதிரையே இல்லாத வீட்டிற் சம்மணமிட்டு இருந்து எழுதச் சிறிய சாய்வுப் பலகை ஒன்று போதும். வேம்பு, பலா முதலிய நம்மூர் மரங்கள் தளபாடத்துக்கு மிக நல்லன. ஊர்த் தச்சரிடம் அளவு கூறிச் செய்விக்கலாம். சாய்மனைக் கதிரை ஓய்வுக்குரியது. அதிலிருந்து கணக்குச் செய்ய முயல்வோர் விரைவில் உறங்குவர்.

மடிக்கணினியில் நெடுநேரம் தொழில் செய்வோர் கழுத்து நோவால் வருந்துவதைக் காண்கின்றோம். திரையும் விசைப்பலகையும் ஒன்றாய் இருப்பதால், கைக்கு ஏற்ற உயரம் கண்ணுக்கு ஏற்காது போகின்றது. சில தடித்த புத்தகங்களின் மேற் கணினியை ஏற்றி, அதன் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு செய்து, தனி விசைப்பலகை ஒன்றைக் கீழே வைத்துக்கொள்ளின் நோவு குறையும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணை உயர்த்தித் தூரத்தே உள்ள மரத்தைச் சற்று நேரம் நோக்குதல் கண்ணுக்கு ஓய்வளிக்கும்.

மேசையின்மேல் அப்பொழுது செய்யும் தொழிலுக்கு வேண்டியன மட்டும் இருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியை வேறு அறையில் வைத்தல் நன்று. புத்தக அலுமாரியைச் சுவரோடு ஒட்டாது நான்கு விரல் இடைவெளி விட்டு வைத்தால், மாரிகாலத்து ஈரம் ஏறாது. கறையான் மிகுந்த நமது மண்ணிலே அலுமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தும் பழைய வழக்கம் இன்றும் பயன் தருவதே.

மூலையும் உடன்பாடும்

தனியறை இல்லையே என்று வருந்துவோர்க்கு ஒன்று கூறுவோம். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வந்தனர். ஒரு வீட்டிலே பல குடும்பங்கள் ஒதுங்கின. மாமரத்தின் கீழும், கிணற்றடியிலும், மாட்டுக் கொட்டிலின் ஓரத்திலும் பிள்ளைகள் புத்தகத்தோடு அமர்ந்தனர். அந்நாளில் அவர்க்கு அறை இருந்ததில்லை. ஓர் எல்லை இருந்தது. இந்த நேரத்தில் இந்த இடத்தில் இப்பிள்ளை படிக்கும் என்பதை ஏனையோர் ஏற்றுக்கொண்டனர். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் ஒரே தொழிலைச் செய்துவரின், அவ்விடத்தை அடைந்த மாத்திரத்தே மனம் அத்தொழிலை நாடும். பழக்கத்தின் இயல்பு அது. ஆகவே கற்குமிடம் என்பது மரத்தாலும் சுவராலும் ஆவதைவிட, வீட்டாரின் உடன்பாட்டாலேயே பெரிதும் ஆவது.

இவ்வுடன்பாட்டிலே பெண்பிள்ளைகளுக்கு உரிய பங்கு கிடைத்தல் வேண்டும். தம்பி படிக்கின்றான் என்று அவனை எழுப்பாத தாய், அதே பரீட்சைக்குப் படிக்கும் மகளைத் தேங்காய் துருவ அழைப்பதைப் பல இல்லங்களிற் காண்கின்றோம். அவ்வழைப்பு ஐந்து நிமிடத்துக்கு ஆயினும், அவளது சிந்தனைத் தொடர் அறுந்துவிடுகின்றது. மீண்டும் தொடங்க அதனினும் பன்மடங்கு நேரம் வேண்டும். வீட்டு வேலை யாவர்க்கும் பொது. படிக்கும் நேரமும் யாவர்க்கும் பொதுவாதல் முறை.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீடே வகுப்பறையாயிற்று. கைத்தொலைபேசி ஒன்றும் பிள்ளைகள் மூவரும் இருந்த இல்லங்களின் இடர் நாம் அறிந்ததே. அதன்பின் வீட்டிலிருந்தே கடல்கடந்த அலுவலகங்களுக்குத் தொழில் செய்வோரும் நம்மிடையே உளர். தொறன்ரோ நகரில் காலை ஒன்பது மணியாகும்போது நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை மணி. அவர்தம் தொழில் தொடங்குவது, பிள்ளைகள் படிக்க அமரும் அதே வேளையில். ஒரே மேசைக்கும் ஒரே அமைதிக்கும் இருவர் உரிமை கோரும் நிலை இதனால் உண்டாகின்றது. இருவர் முதுகு காட்டி இருத்தற்கேற்ற இரு சிறு மேசைகளும், பேசவேண்டியவர் விறாந்தைக்குச் சென்று பேசும் ஒழுங்கும் இருப்பின், இவ்விடர் பெரிதும் நீங்கும்.

நாம் செய்யத்தக்கது

விழாக் காலத்தில் பழைய மாணவர் சங்கங்கள் வளைவுகளும் மண்டபங்களும் கட்டுவிப்பது வழக்கம், அவை வேண்டியனவே. அவற்றோடு, அளவறிந்து செய்த ஒரு மேசை, ஒரு கதிரை, மின்னேற்றும் விளக்கு ஒன்று ஆகிய மூன்றையும், அவை இல்லாத மாணவர் இல்லங்களுக்கு அளிக்கும் ஒரு சிறு திட்டத்தையும் மேற்கொள்ளலாம். தேவை உள்ளவர் யாரென்பதை வகுப்பாசிரியர் நன்கறிவர். பெயர் வெளியிடாது, பிள்ளை நாணாதவாறு, அவ்வுதவி சென்று சேர்தல் வேண்டும். தளபாடம் நம்மூர்த் தச்சர் கையாலே செய்யப்படின், அவர்க்கும் அது தொழிலாகும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் ஒருவர் ஒரு பிள்ளைக்கு ஒரு மேசை என ஏற்பின், சில ஆண்டுகளிலேயே மேசையில்லாத மாணவர் நம் கல்லூரியில் இல்லை என்னும் நிலையை எய்தலாம்.

பெற்றோர் செய்யத்தக்கது இன்னும் எளிது. இன்று மாலையே வீட்டைச் சுற்றி நோக்கி, வடக்கு யன்னல் எது, பேச்சொலி குறைந்த மூலை எது எனக் கண்டு, அங்கே ஒரு மேசையை இட்டு, இரண்டு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்துவார்களாக. மாணவர்காள், அம்மூலை உங்களுக்குக் கிடைத்தபின், அதனை நாள்தோறும் நாடி அமர்தல் உங்கள் கடன். இவ்விழா ஆண்டிலே கல்லூரியின் வகுப்பறைகளோடு இல்லங்களின் கற்குமிடங்களும் பெருகுவனவாக என வேண்டி அமைகின்றோம்.